முதல் மூன்று இரவுகள்: போதை மீட்பு பற்றி வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயரையும் தெருவையும் தவிர்த்திருக்கிறோம். போதை மீட்புச் சிகிச்சையில் அன்றாடம் வேலை செய்யும் மருத்துவர், செவிலியர், ஆலோசகர் மூவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயசு. வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியா போட்டுக்கிறான். "ஒரு வாரம் ரூம்ல வெச்சுப் பூட்டும்மா, நானே விட்டுடறேன்"னு அவனே சொல்றான். பூட்டலாமா?
— ஒரு தாய், வியாசர்பாடி

பூட்டாதீர்கள் அம்மா. விட வேண்டும் என்று அவன் வாயிலிருந்தே வந்திருக்கிறது. அந்த மனசு இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். அதற்குள் அவனை ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

நம் பக்கத்துப் பையன்கள் இப்படிக் கரைத்துப் போடுவது பெரும்பாலும் டபென்டடால். ஆபரேஷன் வலிக்கும் கடுமையான முதுகுவலிக்கும் டாக்டர் சீட்டில் எழுதித் தரும் மருந்து அது. மூளையில் அபின் போய் உட்காரும் அதே இடத்தில்தான் இதுவும் உட்காரும். சீக்கிரம் இறங்கிவிடுவதால் ஒரே நாளில் மூன்று நான்கு தடவை தேட வைக்கும். கடைசி ஊசி போட்டு 8 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணில் நீர், உரித்த கோழி மாதிரி தோலில் புள்ளி புள்ளியாகச் சிலிர்ப்பு என்று ஆரம்பிக்கும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உச்சம். கால் எலும்புக்குள் கை விட்டு முறுக்குவது போல வலி, வயிற்றைப் பிசைந்துகொண்டு பேதி, வாந்தி. ராத்திரி முழுக்கக் காலை உதறிக்கொண்டே கிடப்பான், பொட்டுத் தூக்கம் வராது. ஐந்து முதல் ஏழு நாளில் உடம்பு ஓரளவு அடங்கும். தூக்கமும் ஏக்கமும் சரியாக வாரக்கணக்கில் ஆகும்.

பூட்டிய அறை தோற்பது அந்த இரண்டாம், மூன்றாம் ராத்திரியில்தான். பேதியும் வாந்தியும் சேர்ந்து உடம்பில் நீர் வற்றிப் போகும். வலி தாங்காமல் கதவை உடைப்பான், மாடியிலிருந்து குதிக்கவும் பார்ப்பான். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. இந்த மாத்திரையோடு நைட்ரஸிபாம், அல்ப்ரஸோலம் மாதிரி தூக்க மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அதை நாள்பட எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் திட்டாமல், "தூக்க மாத்திரையும் சேர்த்துப் போடுறியாப்பா?" என்று இன்றைக்கே கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காலியான மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தால் எடுத்துப் போங்கள். சாதாரண அபின் சோதனைப் பட்டையில் டபென்டடால் தெரியாது. "யூரின்ல ஒண்ணும் இல்லை" என்று ரிசல்ட் வந்ததை நம்பி வீட்டுக்குத் திரும்பிய குடும்பங்கள் பல. டாக்டருக்கு அந்த அட்டைதான் சாட்சி. ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்கு, கூடக் குடி உண்டா, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அங்கே வலிக்கும் பேதிக்கும் தூக்கத்துக்கும் தனித்தனி மருந்து கொடுத்து அந்த வாரத்தைக் கடத்தலாம். அல்லது நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரையைத் தொடங்குவார்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கொட்டாவியும் சிலிர்ப்பும் நன்றாகத் தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரை. ஊசி போட்ட சூட்டோடு கொடுத்தால் உள்ளே இருப்பதைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும். மூன்று நாள் வேதனை மொத்தமும் அரை மணியில் வந்து நிற்கும். "அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை" என்று பையன்கள் ஓடிவிடுவது பெரும்பாலும் இதனால்தான். கடைசி ஊசி எப்போது என்பதில் மட்டும் அவன் டாக்டரிடம் பொய் சொல்லக் கூடாது.

கையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரை அது. உருவம் கலையாமல் இருக்க டால்க் தூள், மாவு, செல்லுலோஸ் எல்லாம் சேர்த்து அழுத்தியிருப்பார்கள். அவை தண்ணீரில் கரையாது. பஞ்சில் வடித்தாலும் நுண்ணிய தூள் உள்ளே போய்விடும். முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு மாதிரி கெட்டியாகி உருளும். நுரையீரலின் மெல்லிய குழாய்களில் தூள் போய்ச் சிக்கி, மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். ஊசி போட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால் பிதுக்க வேண்டாம். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால் அதை வைரல் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். கிருமி இதய வால்வில் உட்கார்ந்திருக்கலாம். விரல் நுனி கறுத்தாலோ மரத்தாலோ அது சுத்த ரத்தக் குழாயில் ஊசி இறங்கியதன் அடையாளம், அந்த மணி நேரத்திலேயே கேஷுவல்ட்டிக்குப் போக வேண்டும்.

கேள்வி: அஞ்சு மாசமா நாக்குக்கடியில வைக்கிற மாத்திரை எடுக்கிறேன், வேலைக்கும் போறேன். "இதுவும் போதை மாத்திரைதானே, எப்ப நிறுத்துவே?"ன்னு வீட்ல தினம் கேக்கறாங்க.
— 26 வயது, ராயபுரம்

வேலைக்குப் போகிறீர்கள், ஊசியைத் தொடவில்லை. மருந்து தன் வேலையைச் செய்கிறது. புப்ரினார்ஃபின் ஏறி ஏறி இறங்காது. ஒரே மட்டத்தில் நின்று ஏக்கத்தை அடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரிடம் "எப்ப நிறுத்துவே?" என்று வீட்டில் கேட்பார்களா? நிறுத்துவதற்கு அவசரமே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் எடுப்பவர்கள் நிறையப் பேர். நிறுத்தும் காலம் வந்தால் டாக்டரோடு சேர்ந்து பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மாத்திரை கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும், அதுவரை பேச்சும் வேண்டாம், எச்சில் விழுங்கவும் வேண்டாம். விழுங்கினால் பெரும்பகுதி வீண். கரைந்த பிறகு வாயைக் கொப்பளியுங்கள், பல் தேய்ப்பதை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். இந்த மாத்திரையோடு குடியோ தூக்க மாத்திரையோ சேரவே கூடாது, மூச்சு அடங்கிவிடும்.

கேள்வி: வீட்டுக்காரருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுத்தா குடியை மறக்கடிக்கிற பொடி விக்கிறாங்க. வாங்கலாமா?
— ஒரு மனைவி, கொருக்குப்பேட்டை

வாங்காதீர்கள் சகோதரி. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் பொட்டலம் சொல்லாது. ஒன்றுமே இல்லை என்றால் காசு மட்டும் போகும். டைசல்ஃபிரம் இருந்தால் ஆளே போகலாம்.

டைசல்ஃபிரம் டாக்டர்கள் கொடுக்கும் மருந்துதான், வழக்கமாக 250 மில்லிகிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் சாராயம் உடைந்து வரும் விஷம் வெளியேறாமல் உடம்பில் தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவர் அதிலேயே இறந்துவிடலாம். தனக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர் குடிக்காமல் கையைக் கட்டிக்கொள்வார். தெரியாதவர் வழக்கம் போலக் குவார்ட்டரைத் திறப்பார். அதனால்தான் ஈரல் பரிசோதனை பார்த்து, அவர் சம்மதம் வாங்கிய பிறகே இதைத் தருகிறோம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 14 நாள் வரை இந்த விளைவு இருக்கும். சில இருமல் சிரப்பிலும் தசமூலாரிஷ்டத்திலும் ஆல்கஹால் உண்டு என்பதையும் சொல்லியே அனுப்புவோம்.

அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் மனநலப் பிரிவுக்கு வரலாம். குடிப்பவர் இல்லாமல் குடும்பத்தோடு தொடங்கிய சிகிச்சைகள் நிறைய உண்டு.

கேள்வி: காசிமேட்டிலிருந்து தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போகும் விசைப்படகு எங்களுடையது. ரெண்டாவது ராத்திரி ஒரு ஆளுக்கு வலிப்பு வந்துச்சு. இன்னொரு தடவை வேற ஒருத்தர், கரை தெரியுதுன்னு சொல்லி நடுக்கடல்ல குதிக்கப் பாத்தார். கடல்ல காத்து கறுப்பு அடிச்சிருக்கும்னு ஆளுங்க பயப்படறாங்க.
— படகு உரிமையாளர், காசிமேடு

ஐயா, இந்தக் கடிதத்துக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்தது இரண்டுமே குடியை நிறுத்தியதால் வந்தது. கரையில் தினமும் குடிப்பவருக்குக் கடலில் சரக்கு கிடையாது, யாரும் முடிவெடுக்காமலே அவர் குடியை நிறுத்திவிடுகிறார்.

முதலில் அளவைப் பாருங்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் 60 கிராமுக்குக் கொஞ்சம் மேல். மருத்துவக் கணக்கில் 10 கிராம்தான் ஓர் அளவு. ஆக ஒரு கட்டிங் மூன்று அளவு, ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. "ஒரு குவார்ட்டர்தான் சார்" என்று சொல்பவர் தினம் ஆறு அளவு குடிக்கிறார். வருஷக்கணக்கில் அப்படிக் குடித்தவரின் மூளை, குடி கொடுக்கும் மந்தத்துக்கு ஈடுகட்ட எந்நேரமும் முறுக்கேறி நிற்கும். குடி நின்றதும் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும்.

ஞாயிறு இரவு கடைசியாகக் குடித்துவிட்டுப் படகேறினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை கை நடுக்கம், வியர்வை, குமட்டல் வரும். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள். வலிப்பு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும், ஆகவே திங்கள் இரவும் செவ்வாயும்தான் கண்டம். செவ்வாய் இரவிலிருந்து வியாழன் வரைக்கும், அதாவது 48 முதல் 96 மணி நேரத்தில் மூன்றாவது கட்டம் வரும். பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார், கரை தெரிகிறது என்று இறங்கப் பார்ப்பார், காய்ச்சல் அடிக்கும், நாடி ஓடும். சிகிச்சை கிடைக்காவிட்டால் இதில் இறந்து போகிறவர்கள் உண்டு. இதைக் காத்து கறுப்பு என்று சொல்லி வேப்பிலை அடித்தால் நேரம்தான் போகும்.

படகேறும் முன்பே ஆட்களிடம் கேளுங்கள்: காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? நடுக்கம் போகக் காலையிலேயே குடிக்கிறாரா? முன்பு குடியை விட்டபோது வலிப்பு வந்திருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் அவரை அந்தத் தடவை ஏற்ற வேண்டாம், ஸ்டான்லிக்கு அனுப்புங்கள். நடுக்கத்துக்கு டாக்டர்கள் டயஸிபாம், லோரஸிபாம் வகை மருந்தைக் கொடுத்து ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. குளுக்கோஸ் ஏற்றும் முன்பே தயமின் போய்ச் சேர வேண்டும். வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத் தயமினும் தீர்ந்து, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, நினைவு நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். தெரு முனைக் கிளினிக்கில் "ஒரு பாட்டில் ஏத்தினா சரியாயிடும்" என்று சொன்னால் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

நடுக்கடலில் வலிப்பு வந்துவிட்டால் கூர்மையான சாமான்களைத் தள்ளி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவிக்கொத்தும் வேண்டாம். எத்தனை நிமிடம் என்று மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ மறுபடி வந்தாலோ வயர்லெஸ்ஸில் வி.எச்.எஃப். 16-ஆம் சேனலில் அல்லது 1554-இல் கடலோரக் காவல்படையைக் கூப்பிட்டுவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். உளறத் தொடங்கியவரை இரண்டு பேர் மாறி மாறிக் காவல் இருந்து, ஓரத்துக்குப் போக விடாமல் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருங்கள். இருட்டில் பிரமை அதிகமாகும்.

இன்னொரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் அதிகம் குடிப்பதும் அப்போதுதான், சிகிச்சைக்கு நாள் கிடைப்பதும் அப்போதுதான். தடைக்காலத்தின் முதல் வாரமே அட்மிஷன் போட்டால், வலை ஏற்றும்போது அவர் ஏழு வாரம் குடிக்காதவராக இருப்பார்.

கேள்வி: ஃப்ரெண்டு ஒருத்தன் ஊசி போட்டு மயங்கிட்டான். குறட்டை விட்டான், தூங்கறான்னு நெனச்சோம். முகத்துல தண்ணி அடிச்சோம், மோர் ஊத்தினோம். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும்னு பயம். எப்படியோ எழுந்துட்டான். இனிமே ஆனா என்ன செய்யறது?
— புளியந்தோப்பு

தம்பி, அது குறட்டை இல்லை. நாக்கு பின்னால் சரிந்து, காற்று போக வழியில்லாமல் தொண்டையில் கொடகொடக்கும் சத்தம். தோளைக் குலுக்கி, நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் கண் திறக்கவில்லை என்றால் தூக்கம் இல்லை. கீழ் உதட்டின் உள்பக்கத்தையும் நகத்தையும் பாருங்கள், சாம்பலோ நீலமோ பூத்திருக்கும். கண்மணி கடுகளவு சுருங்கியிருக்கும். வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள், நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே என்றால் மூச்சு நின்றுகொண்டிருக்கிறது.

உடனே 108. "மூச்சு விடல, சீக்கிரம் வாங்க" என்று சொன்னால் போதும், தெருவும் அடையாளமும் சொல்லுங்கள். மூச்சு இல்லை அல்லது அரைகுறை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியைப் பின்னால் தள்ளி, தாடையைத் தூக்கி, மூக்கை அடைத்து, ஐந்து விநாடிக்கு ஒரு தடவை வாய் வழியாக ஊதுங்கள். நெஞ்சு எழும்ப வேண்டும். மூச்சு வந்துவிட்டால் இடது பக்கம் ஒருக்களித்து, மேல் முழங்காலை மடக்கி, கன்னத்துக்கு அடியில் அவன் கையையே வையுங்கள். வாந்தி வந்தாலும் வெளியே போகும். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், நேராக நுரையீரலுக்குப் போகும்.

ஆஸ்பத்திரியில் நலாக்சோன் ஊசி போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் எழுந்துகொள்வான். எழுந்ததும் ஓடப் பார்ப்பான், விடாதீர்கள். நலாக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும். உள்ளே இருக்கும் மருந்து அதைவிட நேரம் நின்றால் மறுபடி சாய்வான். போலீஸ் பயம் புரிகிறது. ஆனால் மூச்சில்லாமல் ஐந்து நிமிடம் போனால் மூளை போய்விடும், அதற்குப் பிறகு பயப்பட ஒன்றுமிருக்காது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவில், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்து முடிப்பவர் மீது, போதைப்பொருள் உட்கொண்டதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கு நடத்தக் கூடாது. நடுவில் விட்டு ஓடினால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம்.

கேள்வி: ஆறாம் வகுப்பு மாணவர்கள் சிலர் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்கிறார்கள். கண்டிப்பதா, பெற்றோரைக் கூப்பிடுவதா?
— ஆசிரியை, எம்.கே.பி. நகர்

அந்தப் பையன் முகரும்போது பார்த்துவிட்டால் துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள். இதுதான் முதல் விதி. அந்த ஆவியில் உள்ள டொலுயீன் இதயத்தைத் தொட்டால் சிணுங்கியாக ஆக்கி வைத்திருக்கும். அந்த நிலையில் பயமும் ஓட்டமும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே விழுந்து இறக்கலாம். முதல் தடவை முகர்ந்தவனுக்கும் இது நடக்கும். மெதுவாக அருகில் போய், துணியை வாங்கி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, அரை மணி நேரம் கூடவே இருங்கள்.

கைக்குட்டை மூலையோ சட்டைக் கையோ மொடமொடவென்று பசை காய்ந்து இருக்கும். மூக்குக்கும் உதட்டுக்கும் சுற்றிலும் சிவந்த தடிப்பு. பெயின்ட் கடை வாடை. மதியச் சோறு அப்படியே மிஞ்சும். மாதக்கணக்கில் முகர்ந்தவன் கால் பலமில்லாமல் படி ஏறத் திணறினால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள் டீச்சர். சிறுநீரகம் கெட்டு உடம்பில் பொட்டாசியம் இறங்கியிருக்கலாம், ரத்தம் பார்க்க வேண்டும்.

எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். பையை எல்லோர் எதிரிலும் கொட்டிச் சோதிக்கவும் வேண்டாம். பெற்றோரைத் தனியாக வரச் சொல்லுங்கள். வீட்டில் யாரும் இல்லை, அடி விழுகிறது, வேலைக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் குழந்தைக்குப் போதைப்பொருளோ மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிள்ளையைக் குற்றவாளியாகப் பார்க்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.

கேள்வி: கஞ்சாவை விட்டு ஆறு நாள். தூக்கமே இல்லை, தூங்கினா பயங்கரக் கனவு. பைத்தியம் பிடிக்குதா?
— பெரம்பூர்

இல்லை. தினமும் புகைத்தவருக்குக் கனவுத் தூக்கம் அடங்கிக் கிடக்கும், விட்டதும் மொத்தமாகத் திரும்பி வரும். எரிச்சலும் பசியின்மையும் இரண்டு வாரத்தில் தணியும், தூக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். மதியத்துக்கு மேல் டீ வேண்டாம், பகலில் படுக்காதீர்கள். தூக்க மாத்திரை வாங்கிப் போட்டால் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதையாகும். காதில் குரல் கேட்டாலோ, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினாலோ அது வேறு விஷயம், அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணனை மறுவாழ்வு மையத்துல சேக்கணும். போன் பண்ணா நாலு பேர் வண்டியில வந்து தூக்கிட்டுப் போவாங்களாம், மூணு மாசம் பாக்கக் கூடாதாம். நம்பி விடலாமா?
— தம்பி, திருவொற்றியூர்

இந்த இரண்டு நிபந்தனையுமே வேண்டாம் என்று சொல்லப் போதுமானவை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, குடி, போதை சிகிச்சைக்கும் பொருந்தும். ஒருவர் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு பேர் தனித்தனியாக அவரைப் பார்த்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். அப்போதும் முதல் கட்டத்தில் 30 நாள்தான். வண்டியில் வரும் நாலு பேருக்கு அந்த அதிகாரம் கிடையாது. சங்கிலி போடக் கூடாது. மொட்டை அடிக்கக் கூடாது. கூலியில்லாமல் வேலை வாங்கக் கூடாது. போனில் பேசும் உரிமை உண்டு.

நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று சுவரில் இருக்கிறதா, இன்னும் காலாவதியாகவில்லையா? மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், பெயரென்ன? ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள், எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் வெளியே வந்துவிடுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் ஆபத்து முதல் மூன்று இரவில்தான். மருத்துவர் இல்லாமல் குடியை ஒரேயடியாக நிறுத்திக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதைக் காசிமேட்டுக் கடிதத்துக்குச் சொன்ன பதிலிலேயே பார்த்தோம். சமையற்கட்டையும் கழிவறையையும் பார்க்கக் கேளுங்கள். அங்கே இருப்பவர் ஒருவரோடு தனியாகப் பேசக் கேளுங்கள்.

செலவில்லாத வழிகள் உண்டு. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், 2025-இல் தமிழ்நாடு அரசு 25 இடங்களில் தொடங்கிய 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள். போனில் முதலில் பேச மனநல உதவி எண் 14416, போதைக்கென்றே தனியாக 14446.

கேள்வி: கணவர் முன்னாடி ஊசி போட்டவர், இப்ப விட்டுட்டார். நானும் பிள்ளையும் என்ன டெஸ்ட் எடுக்கணும்?
— தண்டையார்பேட்டை

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மூன்றும். கணவருக்கு முதலில், பிறகு உங்களுக்கு. உங்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு. எச்.ஐ.வி. பரிசோதனையை அரசு ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்வார்கள், முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். முடிவை வெளியே சொல்வதைச் சட்டம் தடுக்கிறது. கடைசி ஊசி மூன்று மாதத்துக்குள் என்றால் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும்.

ஹெபடைடிஸ் சி பற்றி ஜனங்களுக்கு அதிகம் தெரியவில்லை. தனக்கென்று தனி ஊசி வைத்துக்கொண்டவர்களும் கரைத்த ஸ்பூன், பஞ்சு, தண்ணீர் மூலம் இதை வாங்கியிருக்கலாம். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலைத் தின்னும். ஆனால் மாத்திரையில் குணமாகும் நோய் இது. பெரும்பாலானவர்களுக்கு சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் 12 வாரம் போதும். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இது இலவசம். முதல் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் கிருமி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டாவது டெஸ்ட் கட்டாயம். ஹெபடைடிஸ் பி இல்லை என்று தெரிந்தால் நீங்கள் இருவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

கேள்வி: தம்பி புழல் ஜெயில்லேருந்து அடுத்த வாரம் வெளிய வர்றான். ஏழு மாசமா எதுவும் எடுக்கல. இனி பயமில்லைதானே?
— அக்கா, எம்.கே.பி. நகர்

பயப்பட வேண்டிய நாட்கள் அடுத்த வாரம்தான் ஆரம்பிக்கின்றன அம்மா. ஏழு மாதத்தில் உடம்பு பழைய அளவை மறந்துவிட்டது, மனசு மறக்கவில்லை. முன்பு அவன் சாதாரணமாகப் போட்ட அதே அளவு இப்போது மூச்சை நிறுத்தப் போதும். வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் இப்படி இறந்து போவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். டீ-அடிக்‌ஷன் முடித்து வருபவருக்கும் இதே கணக்குதான்.

வெளியே வரும் நேரத்துக்கு நீங்கள் அல்லது அவன் மதிக்கிற யாராவது ஒருவர் புழல் வாசலில் நில்லுங்கள். பழைய சினேகிதன் வண்டியோடு முந்திக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வருவதற்கு முன்பே, முடிந்தால் அன்று காலையிலேயே மனநலப் பிரிவில் காட்டுங்கள். ஏக்கம் இருக்கிறது என்று அவனே சொன்னால் அன்றைக்கே மருந்து தொடங்குவது பற்றி டாக்டர் முடிவெடுப்பார். நால்ட்ரெக்சோன் என்று ஒரு மாத்திரை உண்டு. ஊசி போட்டாலும் ஏறாமல் தடுக்கும். உடம்பில் ஒன்றுமே இல்லாத இவனைப் போன்றவர்களுக்குத்தான் அதைத் தொடங்க முடியும்.

அவனிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள்: "போடக் கூடாது. போட்டுட்டா தனியா இருக்காதே, கதவைச் சாத்தாதே, பழைய அளவு போட்டா செத்துடுவே." இப்படிச் சொன்னால் போடச் சொன்ன மாதிரி ஆகாதா என்று அக்காக்கள் எங்களிடம் கேட்பார்கள். ஆகாது. பழைய அளவு கொல்லும் என்று யாரும் சொல்லாததால்தான் பலர் இறக்கிறார்கள். முதல் மாதம் கையில் மொத்தப் பணம் வேண்டாம், பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும். வேலைக்குப் போனால் சனிக்கிழமைக் கூலி வாங்கும் நேரத்தில் யாராவது கூட இருங்கள். போன் நம்பரை மாற்றுங்கள். ராத்திரி அவன் படுக்கும் அறையின் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் 108-ம் ஒருக்களித்துப் படுக்க வைக்கும் முறையும் தெரிந்திருக்கட்டும்.